வீட்டிலிருந்து வேலைக்கு மட்டும்: ஒரு சிகாகோ லாரி டிரைவரின் லைசென்ஸ் வழக்கு

1975 ஜூன் 3. சிகாகோவில் லாரி ஓட்டிப் பிழைக்கும் 25 வயது இளைஞர் ஒருவருக்கு இல்லினாய் மாநில அரசிடமிருந்து கடிதம் வருகிறது. ஜூன் 6 முதல் அவருடைய ஓட்டுநர் உரிமம் ரத்து. நடுவில் மூன்றே நாள். காரணம் என்று அவருக்கென எதுவும் எழுதப்படவில்லை. சட்டப் புத்தகத்தின் வாசகத்தையே எடுத்துப் போட்டிருந்தார்கள். சாலை விதிகளைத் திரும்பத் திரும்ப மீறித் தண்டனை பெற்றிருக்கிறார், இது கவனமாக ஓட்டும் திறமை இல்லாததையோ சட்டத்தின் மீதும் பிறர் பாதுகாப்பின் மீதும் மதிப்பு இல்லாததையோ காட்டுகிறது என்பதுதான் அதன் சாரம்.

இந்தக் கடிதம் இரண்டு ஆண்டுகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 'டிக்சன் எதிர் லவ்' என்ற பெயரில் 1977 மே 16 அன்று தீர்ப்பானது. லவ் என்பது அந்த இளைஞர். லைசென்ஸைப் பறிக்கும் முன் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. சட்ட மாணவர்களும் அந்தக் கேள்விக்காகத்தான் இதைப் படிக்கிறார்கள். என் கண் போனது வேறோர் இடத்துக்கு. தீர்ப்பின் நடுவில், அதிகம் பேசாமல், 'வேலைக்குப் போய்வர மட்டும்' கொடுக்கப்படும் கட்டுப்பாட்டு லைசென்ஸ் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. கருணையின் பெயரால் உண்டான அந்தச் சீட்டு, நீதிமன்றத்தில் யாருக்கு உதவியது என்பதுதான் இந்த ஆய்வு.

முதலில் அந்த டிரைவரின் கதை. அவர் ஒன்றும் அப்பாவி இல்லை. 1969 நவம்பரில், பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று குற்றங்களுக்குத் தண்டனை பெற்றதால் முதல் முறை லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனது. சஸ்பெண்டில் இருக்கும்போதே வண்டி ஓட்டிப் பிடிபட்டார். 1970 மார்ச்சில் இரண்டாவது சஸ்பெண்ட். அதன் பிறகு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒரு டிக்கெட்டும் (விதிமீறலுக்குப் போலீஸ் கொடுக்கும் சீட்டு) இல்லை. 1974 ஆகஸ்டில் வேகமாகப் போனதற்காக இரண்டு முறை பிடிபட்டார், இரண்டிலும் தண்டனை. 1975 பிப்ரவரியில் மறுபடியும் ஒரு வேக டிக்கெட். மார்ச் 27 அன்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது: இதிலும் தண்டனை ஆனால் லைசென்ஸ் போய்விடும். நான்கு நாள் கழித்து, மார்ச் 31 அன்று, தண்டனை ஆகிவிட்டது.

இல்லினாயில் அப்போது இருந்த நடைமுறை விதி இப்படி: பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தண்டனை என்றால் சஸ்பெண்ட், பத்து ஆண்டுக்குள் மூன்று முறை சஸ்பெண்ட் ஆகும் நிலை வந்தால் லைசென்ஸே ரத்து. இவருக்கு 1969, 1970, 1975 என்று கணக்கு சரியாகப் பொருந்தியது. யாரும் யாரையும் பார்த்து முடிவெடுக்கவில்லை. பதிவேட்டை எடுத்துக் கூட்டினார்கள், விடை வந்தது, கடிதம் போனது.

கடிதத்துக்குப் பிறகு அவர் முறையீட்டு விசாரணை கேட்கவில்லை. சட்டத்தில் அதற்கு வழி இருந்தது. எழுத்து மூலம் கேட்டால் முழு விசாரணை நடத்துவார்கள், ஆனால் லைசென்ஸ் போன பிறகு. 1976 பிப்ரவரியில், ரத்தான லைசென்ஸோடு ஓட்டியதற்காக அவருக்கு இன்னொரு டிக்கெட் விழுந்தது. விசாரணைக்கு மனு போடாதவர் வண்டியை மட்டும் நிறுத்தவில்லை. இதைப் பொறுப்பின்மை என்று சொல்லலாம். லாரி ஓட்டுவதுதான் சம்பளம் என்றால் இதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

அவர் தரப்பு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. மூன்று நீதிபதிகள் கொண்ட மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: லைசென்ஸைப் பறிப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும், இந்தச் சட்டப் பிரிவு அரசியலமைப்புக்குப் புறம்பானது. மாநிலம் மேல்முறையீடு செய்தது. வழக்கின் தலைப்பில் இருக்கும் டிக்சன், அப்போதைய இல்லினாய் மாநிலச் செயலாளர் (ஆங்கிலத்தில் 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்') ஆலன் டிக்சன். பின்னாளில் செனட்டர் ஆனவர். வாஷிங்டனில் அதே பதவிப் பெயர் வெளியுறவு அமைச்சரைக் குறிக்கும். இல்லினாயில் அந்த நாற்காலியில் இருப்பவரின் முக்கியமான வேலை, நம்மூர் ஆர்.டி.ஓ. செய்கிற வேலை.

போதகரின் கார்

மாவட்ட நீதிமன்றம் அப்படிச் சொன்னதற்கு ஒரு முன்னுதாரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்த வழக்கு புரியாது.

ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு போதகர். மூன்று கிராமப்புற ஊர்களுக்கு அவர்தான் ஊழியம் செய்ய வேண்டும். கார் இல்லாமல் நடக்காது. 1968 நவம்பர் 24 அன்று ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சைக்கிளில் வந்து அவருடைய காரின் பக்கவாட்டில் மோதிவிட்டாள். பெற்றோர் 5,000 டாலர் இழப்பு என்று புகார் கொடுத்தார்கள். போதகரிடம் காப்பீடு இல்லை. ஜார்ஜியா சட்டப்படி, காப்பீடு இல்லாதவர் கோரப்பட்ட தொகைக்குப் பிணையோ ரொக்கமோ கட்ட வேண்டும், அல்லது எதிர்த் தரப்பிடமிருந்து விடுவிப்புப் பத்திரம் வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் லைசென்ஸ் சஸ்பெண்ட். அவர் விசாரணை கேட்டார், கொடுத்தார்கள். ஆனால் 'தவறு என்மேல் இல்லை' என்பதற்கான சாட்சியத்தை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். தவறு யார்மேல் என்பதைத் தவிர மற்றதையெல்லாம் பேசலாம் என்கிற விசாரணை.

'பெல் எதிர் பர்சன்' என்ற அந்த வழக்கில் 1971 மே 24 அன்று உச்ச நீதிமன்றம் போதகருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பின் அடிநாதம் எளிமையானது. லைசென்ஸைக் கொடுத்த பிறகு, அதை வைத்துக்கொண்டிருப்பது ஒருவரின் பிழைப்புக்கே இன்றியமையாததாக ஆகிவிடலாம். அதை 'உரிமை' என்று அழைத்தாலும் சரி, அரசு கொடுத்த 'சலுகை' என்று அழைத்தாலும் சரி, உரிய நடைமுறை இல்லாமல் பறிக்க முடியாது. விபத்துக்கு அவர் பொறுப்பாவாரா என்பதை ஓரளவாவது பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

லைசென்ஸையும் பிழைப்பையும் உச்ச நீதிமன்றம் இப்படி முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. அமெரிக்காவில் இது ஒன்றும் கவிதைக்காகச் சொன்னதல்ல. பெருந்தொற்றுக்கு முந்தைய 2019இல்கூட அங்கே வேலைக்குப் போகிறவர்களில் நான்கில் மூன்று பேர் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டுதான் போனார்கள். பல ஊர்களில் பஸ் என்பது பேச்சுக்குக்கூடக் கிடையாது.

பிளாக்மன் போட்ட கணக்கு

1971க்கும் 1977க்கும் நடுவில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. 1976இல் 'மேத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தராசு செய்து கொடுத்தது. பறிபோவது தனிநபருக்கு எவ்வளவு முக்கியம்? இப்போதைய நடைமுறையில் தவறு நேர எவ்வளவு வாய்ப்பு, கூடுதல் விசாரணை வைத்தால் அது எவ்வளவு குறையும்? அரசுக்கு இதில் என்ன அக்கறை, என்ன செலவு? மூன்றையும் எடை போட்டு முடிவு செய்ய வேண்டும்.

லாரி டிரைவரின் வழக்கில் தீர்ப்பு எழுதிய நீதிபதி பிளாக்மன் இந்தத் தராசைத்தான் எடுத்தார். தவறு நேரும் வாய்ப்பு குறைவு என்றார்: ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அவர் நீதிமன்றத்தில் வாதாடும் வாய்ப்பு ஏற்கனவே இருந்தது, இப்போது நடப்பது எண்ணிக்கை மட்டும். அரசின் அக்கறை பெரியது என்றார்: சாலைப் பாதுகாப்பு, அப்புறம் நிர்வாகச் சுமை. ஜார்ஜியா சட்டத்தின் நோக்கம் இழப்பீட்டுக்குப் பணத்தை உறுதிசெய்வது, இல்லினாய் சட்டத்தின் நோக்கம் ஆபத்தான டிரைவரைச் சாலையிலிருந்து விலக்குவது. ஆகவே போதகர் வழக்கு இங்கே பொருந்தாது என்றும் பிரித்தார். இது வரைக்கும் எனக்குப் பெரிய சண்டை இல்லை.

ஆனால் தராசின் முதல் தட்டு, அதாவது லைசென்ஸ் அந்த மனிதருக்கு எவ்வளவு முக்கியம் என்பது? அங்கே எதிரில் நிற்பவர் லாரி டிரைவர். பிழைப்புக்கு இன்றியமையாதது என்று ஆறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன வார்த்தை, போதகரைவிட இவருக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். பிளாக்மன் இந்த இடத்தைக் கடந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். பின்னால் ரத்து தவறு என்று தீர்ந்தாலும் நடுவில் ஏற்பட்ட இழப்பை முழுதாக ஈடுகட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு, அரசு உதவித்தொகையை நம்பி உயிர்வாழ்பவரின் நிலை அளவுக்கு இது அவசரமானது இல்லை என்கிறார். ஏன் இல்லை? காரணங்களில் ஒன்று, இல்லினாய் சட்டத்தில் கஷ்டத்தில் இருப்பவர்களுக்கும் வணிக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் தனி ஏற்பாடுகள் இருக்கின்றன; லைசென்ஸ் போனால் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் இவர்கள்தானே, அவர்களைச் சட்டம் கவனித்துக்கொள்கிறதே என்பது.

அந்தத் தனி ஏற்பாடுகளில் ஒன்றுதான் கட்டுப்பாட்டு ஓட்டுநர் பர்மிட். வீட்டிலிருந்து வேலை இடத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும், அல்லது வேறு உரிய எல்லைக்குள்ளும் ஓட்ட, தாங்க முடியாத கஷ்டத்தைப் போக்கும் பொருட்டு, மனு போட்டால் மாநிலச் செயலாளர் கொடுக்க*லாம்*. அந்த 'லாம்' முக்கியம். கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது.

இப்போது தீர்ப்பின் இன்னொரு பகுதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த டிரைவர் பதிவேட்டில் இருக்கும் தண்டனைகளை மறுக்கவில்லை. நேரில் வர வேண்டும் என்று அவர் கேட்பது, விதியைத் தளர்த்திக் கருணை காட்டுங்கள் என்று கெஞ்சத்தான் என்கிறது தீர்ப்பு. அப்படி வந்து பேசினால், தன்னையும் ஓர் ஆளாக மதித்துக் கவனித்தார்கள் என்ற எண்ணம் அவருக்கு வரலாம். அதனால் எந்தச் சட்ட உரிமையும் காக்கப்படப் போவதில்லை என்று அந்த வாதத்தை முடித்துவைக்கிறது.

சரி, கருணை கேட்பதற்கு விசாரணை தேவையில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கருணையாகத் தரப்படும் பர்மிட்டை மட்டும் எப்படிக் கணக்கில் சேர்க்கலாம்? லைசென்ஸ் போனாலும் பிழைப்பு போய்விடாது என்பதற்குச் சாட்சியாக அந்தக் கருணைச் சீட்டைக் கூண்டில் ஏற்றியாயிற்று. அது கிடைக்குமா, கிடைக்க எத்தனை வாரம் ஆகும், அதுவரை லாரியை யார் ஓட்டுவது என்ற குறுக்கு விசாரணைதான் நடக்கவில்லை. சட்டத்தில் எழுதியிருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. வேலைக்கு மட்டும் என்ற லைசென்ஸ் டிரைவருக்கு உதவ வந்தது. இந்த வழக்கில் அது மாநிலத்தின் வக்கீலுக்கு உதவியது.

இதே வகைச் சீட்டை முன்னாலேயே கேட்டுவாங்கும் முறையும் உலகத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், குறைந்த அளவு குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் சிலருக்கு 'வேலை லைசென்ஸ்' உண்டு. லைசென்ஸ் பறிப்பு உத்தரவு வருவதற்கு முன், அதே விசாரணையில், அதே மாஜிஸ்திரேட்டிடம் கேட்டுவிட வேண்டும். முதலாளியின் பிரமாணப் பத்திரமும் வேண்டும், வேலை போனால் குடும்பம் கடுமையாகத் தத்தளிக்கும் என்று காட்டவும் வேண்டும். விலையும் உண்டு: கொடுத்தால் தடைக்காலம் குறைந்தது இரட்டிப்பாகும். வேலைக்காக ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டவருக்குக் கிடையவே கிடையாது. கறாரான முறைதான். ஆனால் லைசென்ஸ் கையில் இருக்கும்போதே ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்.

இந்தியாவில் நிலைமை இல்லினாய்க்கு நேர்மாறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமத்தைத் தகுதிநீக்கும் முன் அதிகாரி உரியவரைக் கேட்க வேண்டும், காரணத்தையும் எழுத வேண்டும். விசாரணை உண்டு, 'வேலைக்கு மட்டும்' என்ற சீட்டு இல்லை.

ஊன்றுகோலை எடுத்த பிறகு

டிக்சன் தீர்ப்புக்கு இரண்டே ஆண்டில் அதன் சோதனை வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மூச்சுப் பரிசோதனைக்கு மறுத்தால் 90 நாள் சஸ்பெண்ட். முன் விசாரணை இல்லை. இல்லினாயில் இருந்தது போலக் கஷ்ட நிவாரணமும் அந்தச் சட்டத்தில் இல்லை. 'மேக்கி எதிர் மான்ட்ரிம்' என்ற அந்த வழக்கு 1979 ஜூன் 25 அன்று ஐந்துக்கு நான்கு என்று மாநிலத்தின் பக்கம் தீர்ந்தது. தலைமை நீதிபதி பர்கர், சஸ்பெண்ட் ஆன அன்றே அலுவலகத்துக்குப் போய் விசாரணை கேட்கலாமே என்பதைக் காட்டி, நிவாரணம் இல்லாத குறையைக் கடந்துபோனார். ஆக, 1977இல் தட்டில் வைத்த எடை 1979இல் இல்லை; தராசு அதே பக்கம்தான் சாய்ந்தது. அந்த எடை உண்மையிலேயே எதையாவது தாங்கியதா என்ற சந்தேகம் எனக்கு இங்கேதான் வந்தது.

அடுத்தது இன்னும் விசித்திரம். லாரி, பஸ் ஓட்டுநர்களுக்கு நாடு முழுக்க ஒரே தரத்தில் வணிக வாகன லைசென்ஸ் வேண்டும் என்று 1986இல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. பல மாநிலங்களில் பல லைசென்ஸ் வைத்துக்கொண்டு, ஒன்றில் டிக்கெட் விழுந்தால் இன்னொன்றைக் காட்டும் வழக்கத்தை ஒழிப்பதுதான் நோக்கம், நியாயமான நோக்கம். 1999இல் வந்த அடுத்த சட்டம் ஒரு படி மேலே போனது. வணிக லைசென்ஸ் வைத்திருப்பவர் தகுதியிழந்திருக்கும் காலத்திலோ அவருடைய லைசென்ஸ் சஸ்பெண்டிலோ ரத்திலோ இருக்கும்போதோ, வணிக வாகனம் ஓட்ட எந்தத் தனிப் பர்மிட்டும் மாநிலங்கள் தரக் கூடாது. தற்காலிகம், கஷ்ட நிவாரணம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் கூடாது.

நாற்பது டன் வண்டியை ஓட்டுகிறவரிடம் கூடுதல் கறார் காட்டுவதில் தப்பில்லை. 1977 தீர்ப்புக்கு என்ன ஆனது என்பதுதான் கேள்வி. வணிக லைசென்ஸ்காரர்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது என்று சொல்லித்தான் ஒரு லாரி டிரைவரின் வாதத்தின் கனத்தைக் குறைத்தார்கள். அந்த ஏற்பாட்டைச் சட்டம் போட்டே எடுத்துவிட்டார்கள். தீர்ப்பு மட்டும் அப்படியே நிற்கிறது, முன்னுதாரணமாக எடுத்தாளப்படுகிறது.

சாதாரண டிரைவர்களுக்கான பர்மிட் பல மாநிலங்களில் தொடர்கிறது, ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு பெயரோடு. டெக்சஸில் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். எந்த நேரம், எந்த வழி, என்ன காரணம் என்று நீதிபதி உத்தரவிலேயே எழுதுவார். சாதாரணமாக ஒரு நாளுக்கு நான்கு மணி நேரம், தேவையை நிரூபித்தால் பன்னிரண்டு வரை. உத்தரவின் நகலை வண்டியில் வைத்திருக்க வேண்டும். ஓவர்டைம் வந்தால், ஷிப்ட் மாறினால், மேஸ்திரி வேறு சைட்டுக்குப் போகச் சொன்னால், அந்தத் தாளில் எழுதியிருப்பதும் வாழ்க்கையும் விலகத் தொடங்கும். சம்பளம் குறைந்தவர்களுக்குத்தான் ஷிப்ட் அடிக்கடி மாறும் என்பதைத் தாளை எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இல்லினாயிலும் கட்டுப்பாட்டு ஓட்டுநர் பர்மிட் இருக்கிறது. கட்டணம் வெறும் 8 டாலர். அதற்கு முன் மாநிலச் செயலாளரின் விசாரணை அதிகாரி முன்னால் உட்கார வேண்டும். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கென்றால், ஊதிக் காட்டினால்தான் வண்டி கிளம்பும் கருவியையும் பொருத்த வேண்டும். முதல் முறை பிடிபட்டவர்களுக்கு 2009 முதல் வேறொரு பர்மிட் வந்தது. அதில் இந்தக் கருவி இருந்தால் போதும். எங்கே, எப்போது என்ற கட்டுப்பாடே இல்லை. வேலைக்கு மட்டும் என்று வரையறுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடிக் கண்காணிப்பதைவிட, குடித்தால் வண்டி கிளம்பாது என்பது சுலபம் என்று மாநிலமே கண்டுகொண்டது. எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

2020இல் இல்லினாய் இயற்றிய ஒரு சட்டத்தின் பெயர், தமிழில் சொன்னால், 'வேலைக்குச் செல்ல லைசென்ஸ்' சட்டம். அது பர்மிட்டைப் பற்றியதல்ல. பார்க்கிங் அபராதம் கட்டாதவர்களின் லைசென்ஸை சஸ்பெண்ட் செய்யும் வழக்கத்தையே அந்த ஜூலை 1 முதல் நிறுத்தியது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு லைசென்ஸைத் திரும்பப் பெறும் வழி கிடைத்தது. வண்டியை நிறுத்தியதற்கான கடனுக்காக வண்டி ஓட்டும் உரிமையைப் பிடித்துவைத்து, வேலைக்குப் போக முடியாமல் செய்து, அப்புறம் கடனைக் கட்டு என்பதில் கணக்கு உதைக்கிறது என்று சட்டமன்றத்துக்குப் புரிய இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

1975இல் கடிதம் வாங்கிய அந்த லாரி டிரைவரை இன்றைய சிகாகோவில் வைத்துப் பார்க்கலாம். லைசென்ஸ் ரத்து. விசாரணை அதிகாரியிடம் போகிறார், சம்பளச் சீட்டைக் காட்டுகிறார், பஸ் ஓடாத நேரத்தில்தான் ஷிப்ட் தொடங்குகிறது என்கிறார். அதிகாரிக்கு மனம் இரங்குகிறது. 8 டாலர் கட்டிப் பர்மிட் வாங்கிவிடுகிறார். விடிகாலையில் தன் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு, தாளில் எழுதிய நேரத்தில், லாரி ஷெட் வரைக்கும் சட்டப்படி ஓட்டிக்கொண்டு போகலாம். அங்கே போய் லாரியில் ஏற முடியாது.